காதுகுத்து வீட்டுப் பாயசம்

முடிச்சூரில் நாகலக்ஷ்மியின் பொறாமை ஊரறிந்த சங்கதி. அவள் புருஷன் அரிகிருஷ்ணனுக்குக் கூடுவாஞ்சேரியில் திரிபுரசுந்தரி என்று ஒரு முறைப்பெண். ஜாதகம் சேராமல் அந்தச் சம்பந்தம் நின்றுபோய்த்தான் நாகலக்ஷ்மி வந்தாள். கூடுவாஞ்சேரிப் பக்கமிருந்து காற்று அடித்தால்கூட ஜன்னலைச் சாத்துகிறவள் என்று பக்கத்து வீட்டு அங்காளம்மாள் கிண்டல் செய்வாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் சுந்தரியின் மகனுக்குக் காதுகுத்து. கிணற்று மோட்டாருக்குச் சாமான் வாங்கச் செங்கல்பட்டு போவதாகச் சொல்லிவிட்டு அரிகிருஷ்ணன் ரயிலேறினான். விசேஷத்துக்குப் போய்வந்த அங்காளம்மாளை மறுநாள் ரேஷன் கடை வரிசையில் மடக்கினாள் நாகலக்ஷ்மி.

"அவரு வந்தாருன்னு தெரியும்க்கா. யாரு பரிமாறுனது?"

"சுந்தரிதான். மந்தார இலையில பாயசத்த ஊத்தி, அப்பளத்த அவளே நொறுக்கிப் போட்டா. மனுசன் ரெண்டாவது வாட்டியும் கேட்டு வாங்கி வழிச்சிச் சாப்ட்டாரு. உன் வூட்ல பாயசம்னா கசக்குமாமே."

அந்தப் பேச்சை மனசுக்குள் போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். புருஷனிடம் கேட்கவில்லை. அவன் வாயாலேயே வரட்டும் என்றிருந்தாள்.

வந்தது வயிற்றுவலிதான். வரப்பில் நடந்துகொண்டிருந்தவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவானந்தம் அழுத்திப் பார்த்தார். வலது பக்கம், கூடவே காய்ச்சல். குடல்வால் என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் அதை எடுத்த பழைய தழும்பு அங்கேயே இருந்தது. எக்ஸ்ரேயில் கல்லும் இல்லை.

"எதுன்னு தெரியாம வயித்தத் திறக்கறது ஆபத்தும்மா. காத்திருக்கறது அதைவிட ஆபத்து," என்றவர் அரிகிருஷ்ணனிடம் குனிந்தார். "வெளிய எங்கயாவது சாப்பிட்டீங்களா? மீன் முள்ளு ஏதாவது?"

"இல்ல சார். வூட்டு சாப்பாடுதான்."

நாகலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போகிற வலியிலும் அவளைக் காப்பாற்றுகிறானே இந்த மனுஷன். நாமே எதற்கு அவள் பேரை எடுக்க வேண்டும், கிடக்கட்டும் என்று ஒரு கணம் வாயை இறுக்கிக்கொண்டாள். அவன் வயிறு பலகையாக விறைத்திருந்தது. உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"பொய் சொல்றாரு சார். காதுகுத்து வூட்ல சாப்ட்டாரு. மந்தார இலையில பாயசம், அப்பளத்த நொறுக்கிப் போட்டுகினு. ரெண்டு வாட்டி."

அரிகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தைச்ச இலையா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார். ஈர்க்கு குத்தித் தைச்சது."

டாக்டர் நிமிர்ந்தார். அப்பளம் வாயில் நொறுங்குகிறபோது இலையிலிருந்து கழன்ற ஈர்க்குத் துண்டு பல்லில் பட்டாலும் தெரியாது. ஓலை ஈர்க்கு எக்ஸ்ரேயிலும் விழாது. "தியேட்டரத் தயார் பண்ணுங்க," என்றார் நர்ஸிடம்.

சிறுகுடலைத் துளைத்துக்கொண்டு அரை விரல் நீளத்தில் ஈர்க்கு நின்றிருந்தது. அதை எடுத்து, ஓட்டையைத் தைத்து, சீழைக் கழுவி வயிற்றை மூடினார்.

காய்ச்சல் இறங்கியபின் சுந்தரி பார்க்க வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"எல்லாம் என்னாலதான மாமா."

"உன்னால இன்னாம்மா? இலை தைச்சவன் பண்ண வேலை," என்றான் அரிகிருஷ்ணன், எழும்பாத குரலில்.

சொல்லிக் காப்பாற்றியவளுக்கு அவனிடமிருந்து இன்னும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. நாகலக்ஷ்மி போர்வையைத் தேவையில்லாமல் இழுத்துவிட்டாள். அந்த நேரம் டாக்டர் வந்து தையலைப் பார்த்தார்.

"ஒரு மாசம் கஞ்சியும் மோரும்தான். உங்க கையால மட்டும் குடுங்கம்மா. வெளிச் சாப்பாடு தொடவே கூடாது."

"சரியாக் காதுல விழல சார்," என்றாள் நாகலக்ஷ்மி, சுந்தரியைப் பார்த்துக்கொண்டே. "இன்னொரு வாட்டி சொல்லுங்க."