கப்பல் இல்லாத நாள்

இன்று காலை பழைய சிபியு பெட்டியைத் திறந்து துடைத்தேன். கடல் காற்றில் துருவேறிய தகரமும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு வாசம். உங்களுக்குப் பிடிக்காது. எனக்கு அது போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் நானும் என் தோழி புஷ்பமும் வாடகைக்கு எடுத்த அறையின் வாசம். அங்கேதான் நாங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தோம். சிரிக்காதீர்கள்.

சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. திரையில் ஒவ்வொன்றாக மவுஸால் தொட்டு, கிடைத்ததைப் பையில் போட்டு, புதிரை அவிழ்த்து நகர்கிற அந்தக் காலத்து வகை. பெரிய கம்பெனிகள் கைகழுவிவிட்டன. ஆனால் அதற்கு ஏங்கியவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். இணையத்தில் கேட்டதும் ஆளுக்குக் கொஞ்சமாக முன்பணம் போட்டார்கள். படமெல்லாம் புஷ்பம், மற்றதெல்லாம் நான். முன்னோட்டப் பிரதியை அன்று இங்கிருந்த நெட்டில் ஏற்றுவது நடக்கிற காரியமா? மெயின்லேண்ட் கப்பல் ஏறுகிறவர் கையில் பென்டிரைவைக் கொடுத்துவிட்டோம். சென்னையில் என் மாமா வாங்கி ஏற்றினார்.

கதை இவ்வளவுதான்: தள்ளியிருக்கிற தீவில் உள்ள ஹட் பேயிலிருந்து ஒரு பெண் கப்பலில் போர்ட் பிளேர் போக வேண்டும். துறைமுகக் கவுண்டரில் இருப்பவர், "ஆஜ் ஜஹாஜ் நஹீ, கல் ஆனா" என்பார். இன்று கப்பல் இல்லை, நாளைக்கு வா.

பணம் போட்டவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கவுண்டர்காரருக்கு மீனை நீட்டினார்கள், குடையை நீட்டினார்கள், தேங்காயை லஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விளையாட்டே பழுது, சரிசெய்யாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கொதித்தார்கள். திருப்பிக் கொடுத்தால் விளையாட்டு அன்றோடு முடிந்தது.  கவுண்டருக்குப் பின்னால் ஒரு சாவியை ஒளித்து வைத்து, அதைக் கண்டெடுத்தால் கப்பல் கிடைக்கிறபடி மாற்றிவிடலாம் என்றேன்.

புஷ்பத்தின் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவள் கப்பலுக்குக் காத்திருந்தே வளர்ந்தவள்.

"என்ன புள்ள பேசுற? கப்பல் இல்லேன்னா வூட்டுக்குப் போயி சோறு தின்னுட்டுத் தூங்கி, மறுநா வர்றது. இதுல என்னா பழுது? சாவியெல்லாம் வைக்காத."

அவள் பிடித்த பிடியில் நின்றாள். எல்லோருக்கும் ஒரே பதில் அனுப்பினோம்: எங்கள் ஊரில் கப்பல் இப்படித்தான், வீட்டுக்குப் போய்விட்டு நாளை வாருங்கள்.

வந்தார்கள். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துப்போய்த் தூங்க வைத்துவிட்டு, மறுநாள் கூட்டி வந்தார்கள். அதன்பிறகு யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் காட்சிதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது என்றார்கள். பெருமைதான், மறைப்பானேன்? முகம் தெரியாத மெயின்லேண்ட்காரர்களை எல்லாம் ஒருநாள் தீவுக்காரர்களாக்கிவிட்டோமே!

இப்போது கடலுக்கடியில் கேபிள் போட்டு வேகமான நெட் வந்து, எங்கள் விளையாட்டு டீ கொதிப்பதற்குள் இறங்கிவிடுகிறது. போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, ஹார்பர் சீன்ல கேம் அட்டக் ஜாத்தா ஹை. மேல போகவே மாட்டேங்குது."

"எந்த ஊரும்மா நீ?"

"ஹட் பேதான்க்கா."

விளையாட்டில் வருகிற பெண்ணை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப் போகச் சொன்னேன்.

"எதுக்குக்கா? கப்பல் கேன்சல்னா முன்னாடியே மெசேஜ் வந்துருக்குமே. அவ ஏன் ஹார்பருக்குப் போனா?"

அவள் மேல் தப்பில்லை. மூட்டையோடு துறைமுகம் போய், மூட்டையோடு திரும்பி வந்த ஹட் பே இப்போது எங்கள் விளையாட்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது.