ஒன்பது மாதப் படிப்பும் ஒரு டேகேர் கணக்கும்

மெடிக்கல் அசிஸ்டென்ட் என்பவர் டாக்டர் வரும்வரை நோயாளிக்குச் சொந்தக்காரர் மாதிரியும், டாக்டர் வந்தபின் சுவர் மாதிரியும் இருக்கத் தெரிந்தவர். எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, நடுவில் ஃபோன் எடுப்பது எல்லாம் நம் வேலை. "ஒன்றும் பயப்படாதீர்கள், சரியாகிவிடும்" என்று சொல்வது மட்டும் நம் வேலையில்லை. அதற்கு எம்.டி. படித்திருக்க வேண்டும்.

கணவரின் வேலையை ஒட்டிக் கிடைக்கிற எச்-ஃபோர் விசாவில் அமெரிக்கா வந்து, வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டதால் வருடக்கணக்கில் பாத்திரம் கழுவி, கிரீன் கார்டு கைக்கு வந்த வாரமே "இனி நானும் சம்பாதிக்கிறேன்" என்று கிளம்பிய என் இனத்துப் பெண்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களுக்கு இது புரியாது, புரிந்தாலும் சிரிப்பார்கள்.

இரண்டே சீட்

எனக்கு கிரீன் கார்டு வந்தது தொண்ணூற்றொன்பதில். பொள்ளாச்சியில் படித்த பி.எஸ்சி. விலங்கியல் ஒரு கையில், ஒரு வயது மகள் கீர்த்தனா இன்னொரு கையில். கலிபோர்னியாவில் பிளசன்டன் என்ற ஊரில் வாடகை வீடு. எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அரசு நடத்தும் கம்யூனிட்டி காலேஜ். ஃபீஸ் நம் மளிகைச் செலவு அளவுதான், ஆனால் அடுத்த வகுப்பு தொடங்கப் பல மாதம் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஃப்ரீவே ஓரமாக ஒரு பர்னிச்சர் கடைக்குப் பக்கத்தில் இருந்த தனியார் பள்ளி. ஒன்பதே மாதம், வெள்ளைக் கோட்டு, வேலை வாங்கித் தருகிற பொறுப்பும் அவர்களுடையது. பத்தாயிரம் டாலர் ஃபீஸுக்குக் கடனையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

இரண்டையும் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றுதான் நானும் என் கணவர் கணேசனும் அந்தப் பள்ளிக்குப் போனோம். டை கட்டிய ஒருவர் காபி கொடுத்துவிட்டு, "இந்த பேட்சில் இரண்டே சீட்தான் பாக்கி" என்றார். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த யார் காதிலும் விழக் கூடாத வாக்கியம் அது. என் மாமனார் நகையை அடகு வைத்து, அன்றைக்கே பணத்தோடு ஓடிப்போய் மகனுக்கு இன்ஜினியரிங் சீட் பிடித்தவர். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? "நாளைக்கு வரலாங்க" என்று நான் தமிழில் முனகினேன். "நாளைக்கு சீட் போயிடுச்சுன்னா யாருகிட்டப் போயி நிப்பே? சைன் பண்ணு வசந்தி" என்று கணேசன் பேனாவை என் கையில் திணித்தார்.

முதல் நாள் வகுப்புக்குப் போனால் பாதி நாற்காலி காலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் என் இரண்டு சீட் கதையைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன்கிட்ட ரெண்டுன்னா சொன்னாங்க? என்கிட்ட கடைசி சீட்டுன்னாங்களே!"

கண்ணை மூடித் திறப்பதற்குள்

நான் வகுப்புக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? கணவர் காலையில் கிளம்பி மலையைத் தாண்டி சான் ஹோசே போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். பிளசன்டன் டேகேரில் கேட்ட தொகைக்கு ஊரில் ஒரு வீட்டையே வாடகைக்கு எடுத்து ஆள் வைத்து நடத்தலாம். அந்த நாட்களில் நம் ஆட்கள் இதற்கென்று வைத்திருந்த வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடுவது. எங்களைப் பார்க்க வந்திருந்த என் அப்பா அம்மா திரும்பும்போது கீர்த்தனாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, என் சம்பளத்தில் டேகேர் கட்ட முடிந்ததும் அழைத்துக்கொள்வது என்று பேச்சு.

ஏர்போர்ட்டிலிருந்து நேராகப் பக்கத்து ஊர் லிவர்மோர் கோயிலுக்குப் போனோம். எனக்குச் சாமி கும்பிடத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி என் தோளைத் தட்டினார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவரோடுதான் இருந்தார்கள், பிரசாதத்துக்கு அடித்துக்கொண்டு. "ஒன்பது மாசம்தானே வசந்தி, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். குழந்தைக்கு என்ன தெரியப்போறது?"

ரோசாவின் சந்தேகம்

ஒன்பது மாதம் ஓடியது. அதற்கப்புறம் சம்பளமில்லாமல் ஒரு கிளினிக்கில் பயிற்சி. அதுவும் படிப்பில் சேர்த்தி என்று அப்போதுதான் சொன்னார்கள். பயிற்சி முடிந்து அதே கிளினிக்கில் வேலை, மணிக்குப் பதினோரு டாலர். முதல் சம்பளச் செக்கை சமையல் மேடைமேல் வைத்து நானும் கணவரும் கணக்குப் போட்டோம். வரி, கடன் தவணை, பெட்ரோல் எல்லாம் போக நின்ற தொகை டேகேர் ஃபீஸுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும், அவர் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கும் போய்க்கொண்டிருந்தது. கீர்த்தனா இன்னும் கொஞ்ச நாள் பொள்ளாச்சியிலேயே இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார். நான் செக்கை மடித்து வைத்தேன்.

என்னோடு வேலை பார்த்த ரோசா கம்யூனிட்டி காலேஜில் படித்தவள். எனக்குப் பிறகு சேர்ந்தாள். அதே நீல உடை, அதே பதினோரு டாலர். கடன் மட்டும் ஒரு டாலர் கிடையாது. என் ஃபீஸைக் கேட்டவள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "பத்தாயிரமா? அப்போ என் பேஷன்ட்ஸுக்கும் நீயே ரத்தம் எடு. என்னுது சீப் கை."

பிரஷர் பார்க்க வந்தவர்

ஒரு நாள் மயிலாப்பூர் ஆன்ட்டி ஒருவர் வந்தார். மகனைப் பார்க்க வந்த இடத்தில் தலைசுற்றல். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் டாக்டரா என்றார். இல்லை. நர்ஸா என்றார். அதுவும் இல்லை. அதற்குமேல் அவருக்குக் கேள்வி தெரியவில்லை. குழந்தை குட்டி உண்டா என்று பேச்சை மாற்றினார். ஒரே பெண், ஊரில் அம்மா அப்பாவிடம் இருக்கிறாள், டேகேர் கட்டுப்படியாகவில்லை என்றேன்.

அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருங்கள், அளவு தப்பாகக் காட்டும் என்றும் சொன்னேன். கேட்கிற ஆளா அவர்? "அப்போ யாருக்காகம்மா நீ இங்க கெடந்து ஓடறே?"

குடும்பம்

ஒரு வருடம் பார்த்துவிட்டு, சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி ஆபீஸ் மேனேஜரிடம் போய் நின்றேன். காரணத்தையும் சொன்னேன், குழந்தை படத்தையும் காட்டினேன். அந்த அம்மாவின் கண் கலங்கியது. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இந்த வருஷம் முடியாது வசந்தி. ஆனா ஒண்ணு மறக்காதே, இங்கே நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி."

அட்டைப்பெட்டி

இரண்டாயிரத்தொன்றில் கணேசனின் கம்பெனி பாதிப் பேரை ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பியது. காபிக் கோப்பை, டேபிள் கேலண்டர், ஒரு பிள்ளையார் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டார். கிரீன் கார்டு இருந்ததால் ஊரைவிட்டு ஓட வேண்டிய பயம் இல்லை. என் பதினோரு டாலரும், அவருக்கு வருகிற வேலையில்லாப் படியும்தான் இனி குடும்பம்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கணேசன் லேசாகச் சிரித்தார். என் படிப்பாலும் வேலையாலும் முடியாததை அவர் வேலை போனது முடித்துவைத்தது. "இனி டேகேர் எதுக்கு? அதான் நான் வீட்லயே இருக்கேனே. இருக்கற காசுல டிக்கெட் போட்டு கீர்த்துவைக் கூட்டிட்டு வந்துடறேன்."

என் புது பேஷன்ட்

வந்துவிட்டாள். மூன்று வயது தாண்டியிருந்தது. ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டாள். வீட்டில் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், அடம் பிடிக்கவே இல்லை. விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி அத்தனை ஒழுங்காக இருந்தாள். நான் தூக்கினால் வருவாள், இறக்கிவிட்டதும் அப்பா பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

அந்த வாரமே தடுப்பூசிக்கு எங்கள் கிளினிக்குக்கு வந்தார்கள். ரோசா போடுகிறேன் என்றாள், நான் விடவில்லை. இந்த ஊரில் போடுகிற முதல் ஊசியாவது அம்மா கையால் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை. கணேசன் மடியில் உட்கார்ந்து சட்டையைத் தானே ஏற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி சுவரைப் பார்த்தாள். ஊசியைப் போட்டு முடித்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டி, மீன் படம் போட்ட ஸ்டிக்கரை நீட்டினேன். வாங்கவில்லை. மடியிலிருந்து இறங்கி வந்து என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, பேரம் முடிந்த மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அழுவாமப் போட்டுக்கிட்டேனில்லீங்க? இனி எங்கூட்டுக்குக் கொண்டுபோயி உட்டுருங்க."

படிப்புக் கடனுக்காவது மாதத் தவணை என்று ஒன்று இருக்கிறது, மற்ற பாக்கியை எங்கே எப்படிக் கட்டுவது என்று எந்த ஆபீசிலும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.