பட்டுக்கடைக்கு வந்த ஐஸ் பெட்டி

அப்பா சோடா போடுகிறவர். கோலி சோடா, பன்னீர் சோடா, சிவப்பாக ஒரு கலர். காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் பட்டுக்கடைக்கு மரியாதை இல்லை. பாயில் உட்காரவைத்து, புடவையைப் பிரிப்பதற்கு முன்னால் கையில் ஒரு பாட்டிலைக் கொடுப்பார்கள். அந்தப் பாட்டிலால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. பின்கட்டுக் கொட்டகையில் அப்பா மிஷினைச் சுற்றுவார். நானும் அம்மாவும் பாட்டில் கழுவுவோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் கம்பெனியின் வேன் வந்தது. எங்களிடம் அதிகம் வாங்குகிற கடையில் ஒரு ஐஸ் பெட்டியை இறக்கியது. காசே வேண்டாமாம்! ஒரே கண்டிஷன், வேறு யார் பாட்டிலும் அந்தக் கடைக்குள் இருக்கக் கூடாது.

கடை முதலாளி கெட்டவரில்லை. "தப்பா நெனச்சுக்காதப்பா. உன் சோடாவுல ஒரு குறையும் இல்ல. வெயில்ல வர்ற ஜனம் ஜில்லுனு கேக்குது, நான் இன்னா பண்றது?" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு, கொண்டுபோன சரக்கோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். அப்புறம் கடை கடையாக இதே கதைதான்.

எங்கள் காலி பாட்டில்களைத் திரும்ப எடுக்க ஒருநாள் நானே அந்த முதல் கடைக்குப் போனேன். புடவை எடுக்க வந்த பெரியவர் ஒருவர் பன்னீர் சோடா கேட்டார்.

"அதெல்லாம் இப்ப யாரும் குடிக்கிறதில்லீங்க. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை, மூணு இருக்குது. எது புடிக்குதோ எடுத்துக்கங்க" என்றான் கடை ஆள்.

மூன்றும் ஒரே வேனில் வந்தவை! பெரியவர் கொஞ்சம் யோசித்து ஆரஞ்சு என்றார். அடுத்த தடவை அவர் பன்னீர் சோடாவைக் கேட்டிருக்கவே மாட்டார்.

மறுவருஷம் வாலாஜாபாத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் முன்னாடியே அம்மா காதில் போட்டுவிட்டார்: "கோலி சோடால்லாம் வேணாம்மா. மாப்பிள்ள ஆபீஸ்ல வேல பாக்குறாரு. கம்பெனி கலரா வாங்கி வைங்க."

"நம்ம வூட்லயா?" என்று எகிறினேன்.

"வாய மூடுடி" என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவரே வாங்கிவந்தார்.

கோலியைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் உள்ளே தள்ளுகிற மனுஷன், அந்தத் தகர மூடியைத் திறக்கத் தெரியாமல் எல்லார் முன்னாலும் திணறினார். மாப்பிள்ளைதான் வாங்கி, ஜன்னல் கம்பியில் வைத்துத் தட்டித் திறந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. அப்பா கொட்டகையில் உட்கார்ந்து அதை நிதானமாகக் குடித்தார்.

"எப்படிப்பா இருக்குது?" என்றேன். சாக்கடைத் தண்ணி என்று திட்டுவார், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் இருக்குதும்மா" என்றார். காலி பாட்டிலை எங்கள் கோலி சோடா பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "நம்மளதையும் அது பக்கத்துல வெச்சு, ஜனம் எத எடுக்குதுன்னு ஒருநாளாவது பாத்திருக்கணும்."