கண்ணாடி வயிற்றுக்காரி

அந்த மருந்து ஆலையில் அவளை எல்லோரும் ‘வயிறு’ என்றுதான் கூப்பிட்டார்கள். “வயிறு வந்தாச்சா?”, “வயிறு இன்னைக்கு லீவாம்.” முதலில் கோபம் வந்தது. பதினோரு வருஷத்தில் பழகிப்போய், சொந்தப் பெயரைச் சொன்னால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவாள்.

பெயருக்குக் காரணம் அவள் மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பாத்திரம். உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீர், பித்த உப்பு, கணையத்திலிருந்து எடுத்த செரிமானப் பொடி எல்லாம் அதற்குள் சுழன்றுகொண்டே இருக்கும். சில மருந்துகள் தண்ணீரில் கரையாமல் அடம்பிடிக்கும். அவற்றை எண்ணெயில் கரைத்துக் கேப்சூலில் அடைப்பார்கள். குடலில் அந்த எண்ணெய் செரிக்கும்போது மருந்து கரைந்தபடியே இருந்தால் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். பிடி நழுவி வெண்பொடியாக அடியில் உட்கார்ந்துவிட்டால் அம்போதான். எது நடக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

எண்ணெய் கலப்பவர் அவளுடைய புருஷன். ஆறு கலவை கலந்தார். ஆறையும் அவளுடைய பாத்திரம் பொடியாக்கி அடியில் தள்ளியது. “வீட்டுல நான் சமைச்சதையும் குறை சொல்றா, இங்க கலக்குனதையும் கீழ தள்ளுறா” என்று அவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்புவார். சிரித்துக்கொண்டுதான் புலம்புவார். ஏழாவதுக்கு மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் விழுந்தால் இந்த வேலையையே மூடிவிட்டு அவரைக் களிம்புப் பிரிவுக்கு அனுப்புவதாக மேலாளரம்மா சொல்லியிருந்தார். மூன்று மணிக்குக் கூட்டம்.

அன்று காலை, புதுப் பெயிண்ட் வாடை வீசும் அறையில் ஏழாவதை ஓட்டினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்திலிருந்து கொஞ்சம் எடுத்துச் சிறு குழாயில் விடவேண்டும். குழாயில் முன்கூட்டியே ஒரு துளி தடுப்பு மருந்து இருக்கும். அது செரிமானத்தை அந்த நொடியிலேயே நிறுத்திவிடும். துளி போட்ட குழாய்கள் ஜன்னல் பக்கம், காலிக் குழாய்கள் சுவர்ப் பக்கம். “லேபிள் ஒட்டுங்கம்மா” என்று மேலாளர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். “என் கைக்கே தெரியும் மேடம்” என்பாள் இவள், மோவாயைத் தூக்கிக்கொண்டு.

பொடி இருந்தால் அடியில் படியவைத்துக் காட்டும் சுழற்றும் இயந்திரத்தைப் பக்கத்து அறைக்காரர்கள் பிடித்துக்கொண்டதால் குழாய்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தன. சுழற்றிப் பார்த்தால் எல்லாவற்றின் அடியிலும் வெண்பொடி. அவளுக்கு அழுகை முட்டியது. புருஷனுக்குப் போன் போட்டாள்.

“விழுந்துடுச்சுங்க.”

“சரி விடு. களிம்பு ஒண்ணும் கடிச்சுடாது” என்றார் அவர்.

வயிற்றெரிச்சலோடு, மிச்சமிருந்த குழாய்களையாவது கழுவலாம் என்று சுவர்ப் பக்கக் காலிக் குழாய் ஒன்றைச் சாய்த்தாள். உள்ளே ஒரு துளி உருண்டது. இன்னொன்றைச் சாய்த்தாள். அதிலும் துளி. காலிக் குழாயில் ஏது துளி? மேஜையைப் பார்த்தாள். எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும் இழுப்பறை வலக்கைப் பக்கம் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பெயிண்ட் அடித்தவர்கள், அடுக்கி வைத்த குழாய்களோடு மேஜையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் காலையில் எடுத்ததெல்லாம் வெறும் குழாய். தடுப்பு இல்லாத குழாய்க்குள் எண்ணெய் இரண்டு மணி நேரம் ஜாலியாகச் செரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் ஐந்தாம் நிமிடத்துக் குழாயிலும் முப்பதாம் நிமிடத்துக் குழாயிலும் ஒரே அளவு பொடி!

ஆக, தப்பு ஏழாவது மேல் இல்லை. தப்பு தன்மேல். இவ்வளவு அழகான தப்பை வாழ்நாளில் அவள் செய்ததே இல்லை. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் தாவித் தாவி ஏறி, மேலாளரின் கதவைத் தள்ளினாள்.

“மேடம், நான் தப்பு பண்ணிட்டேன்.”

“அதுக்கு ஏம்மா இப்படிச் சிரிக்கிறீங்க?”

விஷயத்தைக் கேட்ட மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க வீட்டுக்காரர் கலவை. சோதனை தப்புன்னு நீங்களே வந்து சொல்றீங்க. ஊர் என்ன பேசும்?”

“பேசட்டும் மேடம். நீங்களே வந்து உக்காந்து பாருங்க. குழாயை உங்க கையால நீட்டுங்க.”

கூட்டம் நாலரைக்குத் தள்ளிப்போனது. மேலாளர் ஸ்டூலில் உட்கார்ந்து, தானே லேபிள் ஒட்டிய குழாய்களை ஒவ்வொன்றாக நீட்டினார். புருஷன் வாசலுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை இயந்திரம் உடனே சுழன்றது. மூடி திறந்ததும் அவள் முதலில் எடுத்தது கடைசியான முப்பதாம் நிமிடத்துக் குழாயை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு பொட்டுப் பொடி இல்லை.

வாசலைப் பார்த்தாள். “நிக்குதுங்க” என்றாள். அந்த மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காலைச் சோதனை ஏன் கெட்டது என்று அவள் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. பரிசு வாங்குகிறவள் மாதிரி போட்டாள். அதன் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அது இப்போது அவர்கள் வீட்டு ஹாலில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது: ‘தவறு முழுவதும் என்னுடையது.’ வருகிறவர்கள் படித்துவிட்டு விழித்தால், அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொள்வார்.

“கல்யாணமாகி இருபது வருஷத்துல இவ ஒத்துக்கிட்ட ஒரே தப்புங்க. அதான் மாட்டி வச்சிருக்கோம்.”