கடைசி வேகனுக்கு வைத்த கட்டை

வெள்ளத்துரை செத்ததற்கு வெள்ளத்துரையேதான் காரணம் என்று ஆறு வருடம் எல்லோரும் சொன்னார்கள். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குள் பிரிந்து போகும் கிளைத் தண்டவாளத்தில், அதாவது ரயில் சைடிங்கில், இரண்டு டேங்க் வேகன்களுக்கு நடுவே நின்று கொக்கி மாட்டும்போது வண்டி உருண்டு நசுங்கிப்போனார். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் உள்ளே நுழைந்தது அவருடைய கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். நடந்தது 1998இல். அவர் மனைவி செல்லக்கனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மகளோடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வந்து ஒரு பெட்டிக்கடை போட்டார்.

வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் ஸ்டேஷனரி கடைக்கு மாதம் ஒருமுறை வந்து நோட்டும் பேனாவும் மொத்தமாக வாங்கிப் போவார். நானும் அவர்களைப் போலத் தூத்துக்குடிக்காரன். அந்த உரிமையில் ஒருநாள் வாய் சும்மா இல்லாமல், "அண்ணன் கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கலாம் மதினி" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு இசக்கிப்பாண்டி என்று பெயர். அன்றைக்கு என் வாய்க்கு வேறு பெயர்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜெயவேலைப் பற்றி.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் பிளாக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கப்பல், பாலம், கட்டடம் என்று கட்டுவது. நாற்பது வயதில் இது என்ன கூத்து என்று வீட்டில் தலையில் அடித்துக்கொள்வார்கள். என்னைப் போல இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் ராயபுரத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ரோசி டீச்சர். கப்பலில் வேலை பார்க்கும் அவர் கணவர் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி பிளாக் கொண்டுவருவார். இன்னொருவன் பிரவுசிங் சென்டர் நடத்தும் தீனா. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை மாடியில் கூடுவோம். எங்களுக்கு மூன்று சட்டம். ஒட்டக் கூடாது, வெட்டக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது. கட்டியது எதுவானாலும் கலைக்க முடிய வேண்டும். ரோசி டீச்சர் இதைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். கீழே கடையில் நாளைக்கு நூறு பொய் சொல்லி வியாபாரம் செய்யும் நான், மாடியில் இந்த மூன்று சட்டத்துக்கு மட்டும் நீதிபதி மாதிரி நடந்துகொள்வேன்.

2002இல் ஜெயவேல் ஒரு சாக்குப் பையோடு மாடியேறி வந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. ஏதோ ஒரு ஃபேக்டரி சைடிங்கில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலை. சாக்கில் இருந்தவை, வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும் பிளாஸ்டிக் கழிவில் பொறுக்கியவை. திருவொற்றியூர் குடோன் ஒன்றில் எடை போட்டு வாங்கி, வீட்டில் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் அலசி எடுத்து வந்திருந்தார். பல பிளாக்குகளில் யாரோ வெள்ளைக்காரக் குழந்தைகள் கடித்த பல்தடம் அப்படியே இருந்தது. "என் சம்சாரம் பட்டம்மா இன்னான்றா தெரியுமா அண்ணாச்சி? ஊர் எச்சிய வூட்டுக்குள்ள கொண்ணாந்து கொட்ற நீன்றா" என்றார். அதைச் சொல்லும்போதுகூடச் சிரிக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எந்த ஃபேக்டரி என்று நானும் கேட்டதில்லை. எத்தனை பிளாக் வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

2004, ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரயிலைக் கொண்டுவந்தார்.

ஒரு எஞ்சின், நான்கு டேங்க் வேகன், கீழே ஒட்டுப்பலகையில் தண்டவாளம். சதுரப் பிளாக்கை வைத்து டேங்கை உருளையாகக் கொண்டுவந்திருந்தார் மனிதர். எங்கே வளைந்தது, எங்கே பிளாக் முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏணி இருந்தது. வால்வு இருந்தது. வேகனுக்கும் வேகனுக்கும் இடையே தொங்கும் கொக்கிகூட இருந்தது. ரோசி டீச்சர் கைதட்டினார். "ஜெயவேல், அடுத்த சனிக்கிழமை எங்க ஸ்கூல் எக்ஸிபிஷன்ல இத வெச்சே ஆவணும்" என்றார். தீனா தன் புது டிஜிட்டல் கேமராவால் சுற்றிச் சுற்றி எடுத்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது. நான் மூன்று மாதமாகக் கட்டிய கலங்கரை விளக்கம் மூலையில் கிடந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குறை கண்டுபிடிக்க வேண்டுமே. ரயிலை விரலால் தள்ளினேன். அசையவில்லை. குனிந்து பார்த்தேன். கடைசி வேகனின் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சுண்டுவிரல் நகத்தளவு இரண்டு பழுப்புப் பிளாக். பசை போட்டு ஒட்டியிருந்தது.

"ஒட்டிருக்கீங்களா?" என்றேன். கொலைக்குற்றம் கண்டுபிடித்த குரல் எனக்கு.

ரோசி டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. "இன்னாங்க இது, இவ்ளோ அழகா பண்ணிட்டு கடைசில கம்மு போட்டீங்களே" என்றார்.

"ஓடாத ட்ரெயினா?" என்று தீனா கேட்டான். "அது பொம்மையாவே வேஸ்ட்டு மாமு. பலகை வேற ஒரு பக்கம் சாஞ்சிகினு கீது."

"அந்த எடமே சாய்வுதான்" என்றார் ஜெயவேல். "சைடிங்ல நிக்கிற வண்டி இது. ஓடக் கூடாது. கட்டை வெச்சாதான் நிக்கும்." போகும்போது படியில் நின்று திரும்பவும் சொன்னார். "எக்ஸிபிஷனுக்கு வெச்சிக்கோங்க. கட்டைய மட்டும் தொடாதீங்க அண்ணாச்சி."

சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டு, வியாழக்கிழமை மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு பிளேடை எடுத்து இரண்டு கட்டையையும் சுரண்டி எடுத்தேன். சட்டம் சட்டம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பொறாமைதான். அவர் செய்ததில் என் கையும் கொஞ்சம் பட வேண்டும் என்ற அற்பத்தனம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீனா ஒரு கத்தைத் தாளோடு ஓடிவந்தான். படங்களை இன்டர்நெட்டில் இப்படிக் கட்டுகிறவர்கள் கூடும் இடத்தில் போட்டிருந்தான். நாற்பத்தேழு பேர் பதில் எழுதியிருந்தார்கள். டேங்கை எப்படி உருளையாக்கினார் என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் கெஞ்சியிருந்தார். பசை போட்டவனெல்லாம் கட்டுகிறவனே இல்லை என்று ஒருவர் காய்ச்சியிருந்தார். பிளாக்கில் இருக்கும் பல்தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது தன் மகனுடைய பல்லாக இருக்கலாம் என்று ஒரு அம்மாள் கேலி செய்திருந்தார். நாங்கள் சிரித்துக்கொண்டே வாசித்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இப்ப பாரு, ஓடும்" என்று ரயிலை மேசைமேல் வைத்துக் கையை எடுத்தேன். சாய்வில் அது தானாகவே உருளத் தொடங்கியது.

அப்போதுதான் ஜெயவேல் ஷிப்ட் முடிந்து மாடியேறி வந்தார்.

"டேய், நடுவுல ஆளு கீதுடா!"

கடைக்கு வெளியே போனவர்கள்கூட நின்று பார்த்திருப்பார்கள், அப்படி ஒரு கத்தல். பாய்ந்து வந்து இரண்டு வேகன்களுக்கு நடுவே கையை விட்டார். எஞ்சின் பலகையைத் தாண்டித் தரையில் விழுந்து சிதறியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. கடைசி வேகனைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு, "தோ பாருங்க, இங்கிலாந்துல ரயில்வேல வேலை செஞ்ச ஒரு பெரியவர் உங்கள எப்படிப் பாராட்டிக்கீறார் பாருங்க" என்று ஒரு தாளைத் தமிழாக்கி வாசித்தான். "கட்டையைக் குறை சொல்லாதீர்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சரியான இடத்தில் இருக்கிறது. வைத்தவர் வேலை தெரிந்தவர். யாரும் அதை எடுத்துவிட வேண்டாம்."

"ஆமா" என்றார் ஜெயவேல். "வேல தெரிஞ்சவருதான். வெள்ளத்துரை அண்ணன்."

"மணலி சைடிங்கா?" என்றேன். தலையாட்டினார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். அன்றைக்கு வெள்ளத்துரை இரண்டு கட்டையையும் வைத்துவிட்டுத்தான் வேகன்களுக்கு நடுவே போனார். சூப்பர்வைசருக்கு அவசரம். கட்டையை எடு என்று தூரத்திலிருந்து கத்தினான். ஜெயவேல் அப்போது கான்ட்ராக்ட் கூலி. நடுவில் ஆள் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் இரண்டையும் உருவிவிட்டார். அப்புறம் சூப்பர்வைசர் அந்தக் கட்டைகளைக் கால்வாயில் போடச் சொன்னான். கட்டையே இல்லை என்று விசாரணையில் சொல்லச் சொன்னான். சொன்னார். மூன்றாம் மாதம் வேலை பர்மனென்ட் ஆனது.

"ஒரு தடவ குனிஞ்சி பாத்திருந்தா போதும் அண்ணாச்சி" என்றார். "வூட்ல ஒக்காந்து இத கட்டச்சொல்ல, கை தானா கட்டைய வெச்சிச்சி. இனிமே ஒர்த்தனும் எட்க்கக் கூடாதுன்னுதான் கம்மு போட்டேன்."

அதைச் சுரண்டி எடுத்தவன் நான். இரண்டு பழுப்புப் பிளாக்கும் என் மேசை டிராயரில் ரப்பர்களோடு கிடந்தன.

"அந்த வெள்ளத்துரையோட சம்சாரம் என் கடைக்கு வராங்க, ஜெயவேல்" என்றேன். "தப்பு அவரோடதுன்னுதான் இன்னும் நெனச்சிட்டிருக்காங்க. நீங்க போய்ச் சொல்லணும்."

அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "சொன்னா வேல பூடும். ஜெயிலுகூட கீதோ இன்னாவோ. எம்பொண்ணு சங்கமித்ரா காலேஜி ரெண்டாவது வருசம் அண்ணாச்சி. அதுகிட்ட இன்னான்னு சொல்லுவேன்?"

போய்ச் சொல்லு என்று அடுத்தவனுக்குச் சொல்வது எனக்கு எப்போதும் சுலபம். டிராயரைத் திறந்து அந்த இரண்டு பிளாக்கையும் அவர் கையில் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து எஞ்சினைத் திரும்ப அடுக்கினார். கட்டைகளை முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டினார். சுவரில் சட்டம் எழுதிய சார்ட் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை எக்ஸிபிஷனில் பிள்ளைகள் ரயிலைத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஓடவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். ஜெயவேல் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுவதும் அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ரயில்.

"பொண்ணாண்ட சொல்லிட்டேன்" என்றார். "அது எங்கூட பேசமாட்டேங்குது. அந்தம்மா வூட்டுக்கு இட்டுகினு போ அண்ணாச்சி. தனியா போனா பாதில திரும்பிடுவேன்."

தேரடியில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். மதினி அப்போதுதான் கடையைத் திறந்து சாக்லேட் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்சுவரில் வெள்ளத்துரையின் படம். "வாங்க தம்பி, என்ன இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டவர், பின்னால் நின்ற ஜெயவேலைப் பார்த்ததும் நிறுத்தினார். சாவு வீட்டில் பார்த்த முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஜெயவேல் பாட்டில்களை ஒதுக்கிவிட்டுப் பலகையைக் கல்லாமேல் வைத்தார். கடைசி வேகனைக் காட்டினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார் போல. ஆனால் வந்தது நாலு வார்த்தைதான். "அண்ணன் கட்டை வெச்சிருந்தாரும்மா. ரெண்டும் வெச்சிருந்தாரு. நான்தான் உருவுனேன். வெக்கலன்னு பொய் சொன்னதும் நான்தான்."

மதினி அவரைப் பார்க்கவில்லை. ரயிலைத்தான் பார்த்தார். ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வேகனை ஒரு விரலால் தள்ளினார். அசையவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளினார். பலகைதான் நகர்ந்தது. சக்கரம் அசையவில்லை.

"ரெண்டு கட்டையுமா வச்சிருந்தாக?" என்று கேட்டார்.

"ரெண்டும்மா."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஜெயவேலும் அதற்குத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். மதினி உள்ளே கைவிட்டு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். என் கடையில் வாங்கிய நோட்டு. நடுத்தாளைக் கிழித்து, ஒரு பேனாவோடு ஜெயவேல் முன்னால் வைத்தார். "இப்ப சொன்னத எழுதுங்க. எம்மக படிக்கணும். அதுக்குப் பெறவு எங்க குடுக்கணுமோ அங்க குடுக்கேன்."

ஜெயவேல் நின்றபடியே எழுதினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. சூப்பர்வைசர் பெயரையும் எழுதினார். தன் பெயரை எழுதும் இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளால்தான் அடுத்த மாதமே அவர் வேலை போனது.

மதினி தாளை வாங்கி இரண்டு முறை வாசித்தார். நாலாக மடித்து மாரோடு வைத்துக்கொண்டார். படத்தின் பக்கம் திரும்பினார். அதுவரை தாங்கியிருந்த முகம் அப்போது உடைந்தது.

"நானும் நம்பிட்டேனே" என்றார். "வீட்டுல அலமாரிக் கதவு ஆடுனாக்கூடக் கட்டை வைக்கிற மனுசன். அது தெரிஞ்சும் ஊரு சொன்னத நம்புனேன். ஆறு வருசமா விளக்கேத்தும்போதெல்லாம், எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போனீகளே, ஒரு கட்டை வைக்கத் துப்பில்லையான்னு இந்தப் படத்துக்கு முன்னால நின்னு ஏசிருக்கேன்."

ஜெயவேல் கும்பிட்ட கையோடு நின்றார். மதினி இப்போதுதான் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"நீங்க செஞ்சத இந்தத் தாள்ல எழுதிட்டீக. நான் ஏசுனத எதுல எழுதட்டும்?"