சட்டம் போட்டு மாட்டிய கேலி

கனடாவின் டோர்செட் பார்க்கில், ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், யூஜினியின் எதிர்வீட்டில் தனியாக இருந்தார் கொன்ராட். ஜெர்மனியில் பெயர்பெற்ற கேலிச்சித்திரக்காரராம். இருபது வருடம் மந்திரிமாரைக் கிழி கிழியென்று கிழித்த மனிசன், ஒருநாள் பேனையை வைத்துவிட்டுக் கனடாவுக்கு வந்துவிட்டார். ஏனென்று தெரியாவிட்டால் யூஜினிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கணவன் சூசைதாசன் முதலில் ஜெர்மனியில் அகதியாக இருந்தவன். அந்தப் பாஷை தெரியும். கேட்டுச் சொல்லும்படி அவனை அரித்தெடுத்தாள்.

"தான் ஆரைக் கூடுதலா நக்கலடிச்சாரோ, அந்த மந்திரியே படத்தை வாங்கி வீட்டில மாட்டினவராம். வாறவைக்கெல்லாம் காட்டிச் சிரிச்சவராம். அதோட மனம் விட்டுப்போச்சாம்."

"உதுக்குப் போய் ஆரும் தொழிலை விடுவினமே?"

தொண்ணூற்றைந்து கார்த்திகையில் கட்டடத்தின் ஒரே லிப்டும் நின்றது. முழங்காலில் ஒப்பரேஷன் செய்திருந்த சூசைதாசன் வீட்டுக்குள் அடைபட்டான். பயிற்சிக்குப் போகாவிட்டால் கால் மடங்காது என்றார் டொக்டர். கட்டட முதலாளியோ சிரித்துச் சிரித்தே தைமாதம் வரை இழுத்தடித்தார்.

முதலாளியை நக்கலடித்து ஒரு படம் வேண்டுமென்று யூஜினி கொன்ராட்டிடம் ஓடினாள். மாட்டேன் மாட்டேன் என்றவர் கடைசியில் கீறினார்: நின்றுபோன லிப்டுக்குள் மெத்தை விரித்துக் குறட்டை விடும் முதலாளி. வாசலில் ஒட்டியதும் கட்டடமே விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளியும் வந்து பார்த்துச் சிரித்தார். படத்தைக் கழற்றிக்கொண்டு போய்ச் சட்டம் போட்டுத் தன் ஒபிஸில் மாட்டிக்கொண்டார். லிப்ட் அசையவில்லை.

மறுநாள் வாசலில் யாரும் கேட்காத இன்னொரு படம் இருந்தது. படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறும் சனம். எல்லோர் வாயிலும் காதுவரை சிரிப்பு. முன்னால் யூஜினி, கையில் முதலாளிக்கான பலகாரத் தட்டு. நத்தார் பண்டிகைக்கு அவள் கொண்டுபோய்க் கொடுத்ததுதான்.

"நன்றி கெட்ட கிழவன்! என்னையே நக்கலடிக்குது!"

அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் படத்தில் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று பின்னேரம் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஒபிஸுக்குப் போனாள்.

முதலாளி வழக்கம்போலச் சிரித்தார். யூஜினி சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு லிப்ட் திருத்துகிறவனுக்குப் போன் எடுத்தார்.