வலை பராமரிப்பு நாள்

முல்லைத்தீவுக் கரையில் மரியநாயகத்தின் கையெழுத்துக்குத் தனி மரியாதை. மரண அறிவித்தல், பங்குத் தந்தைக்குப் பிரியாவிடை மடல், காணாமல் போனவர்களுக்கான முறைப்பாடு எல்லாம் அவர் கையால்தான். மீனவர் சங்கத்துக்கும் அவரே செயலாளர். ஆகவே போன வருடம் சங்க விதிகளைத் திருத்த வேண்டி வந்தபோது, பேனையை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

திருத்தம் சின்னது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது அந்தக் கரையின் வழக்கம். அதைச் சட்டமாக்கி, மீறுகிறவரை மூன்று மாதம் தொழிலிலிருந்து நிறுத்துவது என்று முடிவானது. சங்கங்களைப் பதிகிற அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆண்டவருடைய நாள் எண்டு போட்டால் பதிய ஏலாது. சங்கம் எல்லாச் சமயத்துக்கும் பொது.”

மரியநாயகம் அரை மணித்தியாலம் யோசித்தார். ஆண்டவரை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ‘வலை பராமரிப்பு நாள்’ என்று எழுதினார். சட்டம் பதிவானது. கோயிலுக்கும் திருப்தி, கந்தோருக்கும் திருப்தி. ஒரே வசனத்தில் இவ்வளவு பேரைச் சமாளித்தவர்கள் பாராளுமன்றத்திலும் குறைவு.

அவரோடு தொழிலுக்குப் போகும் ஜனார்த்தனன் சைவ சமயம். இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில், இரண்டு குடும்பத்துக்கு ஒரு வள்ளம் என்று நிவாரணக்காரர் கொடுத்ததில் சேர்ந்த கூட்டு. வெள்ளிக்கிழமை ஜனார்த்தனனுக்கு விரதம். வள்ளம் கரையில் கிடக்கும். ஞாயிறு கத்தோலிக்கரான மரியநாயகத்துக்குப் பூசை, அன்றைக்கும் கிடக்கும். பதினான்கு வருடம் இதற்கு ஒரு வரிச் சட்டம் தேவைப்படவில்லை.

மார்கழியில் கடல் ஆறு நாள் குமுறியது. ஏழாம் நாள், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அது ஞாயிறு. மரியநாயகம் பூசையில் இருந்தார். மல்லாவியிலிருந்து வந்திருந்த மருமகனைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு ஜனார்த்தனன் கடலுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. உத்தியோகத்தரும் ஒரு கதிரையில் இருந்தார். சங்கத் தலைவர் துசியந்தன் இளம் ஆள்.

“ஞாயிறு எண்டு தெரியாதோ அண்ணை?”

“தெரியும் தம்பி. வலை பொத்துற நாள் எண்டுதானே எழுதிக் கிடக்கு? ஆறு நாளும் வீட்டிலை இருந்து அதைத்தான் செய்தனான். இனிப் பொத்துறதுக்கு ஓட்டை இல்லை.”

கூட்டம் சிரித்தது. “எங்கடை வலையளைத் தாறம், கொண்டுபோங்கோ,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஜனார்த்தனனும் சிரித்தார். பிறகு மரியநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“நாயகம், நீதானே எழுதினனி. இது பூசைக்காகப் போட்ட சட்டம் எண்டு ஒருக்காச் சொல்லு. பிழையை ஒத்துக்கொண்டு மூண்டு மாதமும் இருக்கிறன். உன்ரை பூசைக்காக நான் எத்தினை ஞாயிறு இருந்தனான். வலைக்காக இருக்கச் சொல்லாதை.”

உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தினார். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் பதிவு போய்விடும் என்பது மரியநாயகத்துக்குத் தெரியும்.

“வலைக்கான சட்டம்தான்,” என்றார்.

ஜனார்த்தனன் மூன்று மாதத் தடைத் தாளை இழுத்துக் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை மல்லாவிக்கு, மகள் சிவதர்சினி வீட்டுக்குப் போனார். மூன்று மாதம் முடிந்தும் வரவில்லை. மரியநாயகம் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னார்.

“பொய் சொன்னனீரோ?” என்று கேட்டார் சுவாமி.

“இல்லைச் சுவாமி. பதிவிலை கிடக்கிறதைத்தான் சொன்னனான்.”

அதற்கு என்ன தண்டனை கொடுப்பது என்று சுவாமிக்கும் தெரியவில்லை.

கூட்டாளி இல்லாத வள்ளம் கரையில் காய்ந்தது. சித்திரையில் ஒரு ஞாயிறு, பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில், மரியநாயகம் மல்லாவிக்கு பஸ் ஏறினார்.

சிவதர்சினி தேத்தண்ணி கொடுத்தாள். ஜனார்த்தனன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து எதிரே குந்தினார்.

“அது பூசைக்கான சட்டம்தான், ஜனா.”

“அது எனக்கு அப்பவே தெரியும். அவைக்கு முன்னாலை சொல்லுவாய் எண்டுதான் பார்த்தனான்.” சேற்றைச் சுரண்டியபடி கேட்டார்: “இண்டைக்கு ஞாயிறெல்லே. நீ பூசைக்குப் போகேல்லையோ?”

“இல்லை.”

“போயிருக்கலாம்,” என்றார் ஜனார்த்தனன். “வள்ளத்தை நீயே வைச்சிரு. எனக்கு வரம்பிலை வேலை கிடக்கு.”

அவர் போன பிறகும் மரியநாயகம் அங்கேயே இருந்தார். திரும்பிப் போக அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான்.